எண்பது வருடம் காய்ந்த தீராந்தி ஏன் வெடித்தது: ஒரு கடைசல் வேலையின் நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதத்து விடிகாலை ஒன்றில் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முதிரை மரத்தில் நான் கடைந்து அனுப்பிய மூன்று கிண்ணங்களுள் ஒன்று விளிம்பிலிருந்து அடிவரைக்கும், ஒரு தீக்குச்சி நுழையக்கூடிய அகலத்துக்குப் பிளந்திருந்தது. "தம்பி, இரவு ரெண்டு மணிக்கு ஏதோ வெடிச்ச மாதிரிச் சத்தம் கேட்டு எழும்பிப் போய்ப் பாத்தன். மற்ற ரெண்டும் மேசையில ஆடுது. பழைய மரம் எண்டுதானே சொன்னனீங்கள்?" என்று கிண்ணங்களைக் கடைந்து தரக் கேட்டிருந்த அக்கா கீழே எழுதியிருந்தார். பழைய மரம் என்று நான் சொன்னது பொய்யன்று. ஆனால் பழைய மரம் என்றால் காய்ந்த மரம், காய்ந்த மரம் என்றால் இனி அசையாத மரம் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் பிழையாகிப் போனது என்பதை, மரத்தைத் தெரிந்தெடுத்ததிலிருந்து கடைசிக் கிண்ணம் வரைக்கும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

மரம் வந்த வீடு

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கத்தில் இருந்த அந்த நாற்சார் வீட்டின் முகப்பில், சுண்ணச் சாந்தில் 1936 என்று பொறித்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் நோர்வேயிலுமாக இருக்க, காணியை விற்பது என்று முடிவாகி, வீட்டை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அக்கா என்னோடு பேசினார். பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். ஆளுக்கொரு கிண்ணம், அந்த வீட்டு மரத்திலேயே வேண்டும் என்பது அவர் கேட்டது. உடைக்கிறவர் மரங்களை மரக்காலைக்குப் பேசி முடித்திருந்தபடியால், ஒரு துண்டை மட்டும் விலைக்கு எடுக்க அவரோடு அரை நாள் பேச வேண்டியிருந்தது. மரத்தை உழவு இயந்திரத்தில் ஏற்றுவதற்கு கிராம அலுவலரான விதானையாரின் கடிதம் தேவைப்பட்டது. வழியில் மறித்துக் கேட்டால் காட்டுவதற்கு அது இல்லாமல் முதிரையை அசைப்பது புத்தியன்று.

அந்த வீட்டில் நான்கு வகை மரங்கள் இருந்தன. கூரைச் சலாகைகளும் வளைகளும் பனை. பனையின் கறுப்பு நார் பார்க்க அழகாக இருந்தாலும், வயிரம் வெளிச்சுற்றில் மட்டுமே உள்ள மரம் அது. கிண்ணத்துக்கு வேண்டிய ஆழத்துக்குப் போனால் உள்ளே மெத்தென்ற சோற்றிதான் கிடைக்கும். உளி பட்ட இடத்தில் நார்கள் அறுபடாமல் பிடுங்கிக்கொண்டு வருவது இன்னொரு தொல்லை. நிலைகள் வேம்பு. வேம்பு நன்றாகக் கடையும், ஆனால் அதில் வைத்த கற்கண்டும் கசக்கும் என்று பயந்தேன். கதவுகள் தேக்கு, ஒன்றரை அங்குலத் தடிப்பில் தட்டுத்தான் வரும், கிண்ணம் வராது. அதோடு அவற்றில் எத்தனையோ பூச்சுப் பழைய பெயின்ற் இருந்தது. அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்பதால் அதை இயந்திரத்தில் தூளாக்கிச் சுவாசிக்க நான் தயாராக இல்லை. எஞ்சியது தலைவாசலின் தீராந்தி, அதாவது பாரம் தாங்கும் உத்தரம்: 8 அங்குல அகலம், 6 அங்குலத் தடிப்பு, 11 அடி நீளம், முதிரை.

முதிரை குடாநாட்டு மரமன்று. வன்னிக் காட்டிலிருந்து வண்டியில் வந்து யாழ்ப்பாணத்துப் பெரிய வீடுகளின் பாரத்தைத் தாங்கிய மரம். வெட்டிய முகத்தில் வெளிர்மஞ்சளாகப் பட்டுத்துணிபோல் மினுங்கும். தண்ணீரில் போட்டால் மிதப்பதா தாழ்வதா என்று யோசிக்கிற அளவுக்குப் பாரம். இன்றைக்கு அந்த அளவில் ஒரு முதிரைக் குற்றியை நேர்மையான வழியில் வாங்குவது எளிதன்று என்பதால், உடைபடுகிற வீடுதான் எனக்குக் காடு.

சுவருக்குள் செருகியிருந்த இரு முனைகளிலும் கறையானுக்காகத் தார் பூசியிருந்தார்கள். தார் ஊறிய மரத்தில் உணவுப் பாத்திரம் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடியை வெட்டி ஒதுக்கினேன்.

இரும்பு

பிற ஊர்களில் பழைய மரத்தில் ஆணி தேடினால் போதும். இங்கே அதற்கு மேலும் தேட வேண்டும். 1995 ஒக்டோபர் 30 அன்று போரில் வலிகாமப் பகுதியே எழும்பி இடம்பெயர்ந்து போனது. அதற்கு முன்னும் பின்னும் விழுந்த செல்களின், அதாவது எறிகணைகளின், துண்டுகள் நம் மரங்களுக்குள் இன்னமும் இருக்கின்றன. மரம் அரியும் மில்காரருக்கு இது நன்றாகத் தெரியும். முற்றத்து மாமரத்தைக் கொண்டுபோனாலும், "வாள் பல் போனால் உங்கட கணக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மேசையில் ஏற்றுவார். அது கஞ்சத்தனமன்று, ஒரு செல் துண்டு ஒரு வாளின் அன்றைய நாளை முடித்துவிடும்.

நான் முதலில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டி, தீராந்தியின் நான்கு முகத்தையும் சாண் சாணாகத் தடவினேன். காந்தம் நிலைக்குத்திலிருந்து மெல்ல விலகிச் சாய்கிற இடத்தில் சோக்கட்டியால் வட்டம் போட்டேன். பதினேழு வட்டங்கள் வந்தன, பதினைந்து ஆணிகள். காந்தத்துக்கு இரண்டு குறைகள் உண்டு: ஆழத்தில் கிடப்பது தெரியாது, ஈயமும் செம்பும் ஒட்டாது. ஆகவே கட்டடவேலை செய்யும் நண்பர் ஒருவரின் கையடக்க உலோகம் காட்டியையும் வாங்கி ஓட்டினேன். அது இன்னோர் இடத்தில் கத்தியது.

எஞ்சிய இரண்டு வட்டங்களும் இந்தப் புதிய இடமும் ஒன்றரை அடிக்குள் அடுத்தடுத்து இருந்தன. மேல்முகத்தில் மூன்று சிறு வடுக்கள். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தவை. ஒன்றை மட்டும் உளியால் தோண்டிப் பார்த்தேன். ஒன்றே கால் அங்குல ஆழத்தில், புளியங்கொட்டை அளவில், ஒரு பக்கம் அலகுபோல் கூரான இரும்புத் துண்டு. அதைச் சுற்றி மரம் நீலம் கலந்த கறுப்பாக மாறியிருந்தது. இரும்பு கறள் பிடித்து ஈரத்தில் கரைய, மரத்திலுள்ள துவர்ப்பொருள் அதோடு சேர்ந்து மை ஆகிவிடுகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே வினைதான். அந்தக் கறை நாரின் திசையில் மேலும் கீழுமாக ஐந்து அங்குலம் ஓடியிருந்தது, குறுக்கே அரை அங்குலம்கூட இல்லை. நாரின் வழியாக நீர் எவ்வளவு எளிதாக ஓடும், குறுக்கே எவ்வளவு தயங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை. அந்த ஒன்றரை அடியையும் வெட்டி வைத்தேன். படம் அனுப்பியபோது அக்கா, அதை எரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

முதல் மூன்று

மில்லில் தீராந்தியை 9 அங்குலத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் தடிப்பின் நடுவே இரண்டாகப் பிளந்தேன். மரத்தின் நடுநெஞ்சு கிண்ணத்துக்குள் வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பிளவு. நெஞ்சைச் சுற்றி மரம் இழுபடும் விதத்தில் அங்கிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். முதல் இரண்டு துண்டுகளிலிருந்து நான்கு பாதிகள் வந்தன. ஒன்றில் விளிம்பு வருமிடத்தில் ஆணித்துளை இருந்ததால் ஒதுக்கினேன்.

என்னுடைய கடைசல் இயந்திரம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்றில் ஓடுவது; நாலு படிக் கப்பி. ஏழரை அங்குல விட்டமுள்ள கட்டைக்கு நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கி, உருண்டை சரியான பிறகு 900க்கு ஏற்றுவேன். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது இந்த வேலைக்காரரின் பழைய கணக்கு. முதிரையில் நார் ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமுமாகப் பின்னிக் கிடக்கும். மினுக்கத்துக்குக் காரணம் அதுதான், உளி வழுக்கினால் பிய்வதற்குக் காரணமும் அதுதான். குழிவுளியின் சாய்வு முகம் மரத்தில் உரசியபடியே போக வேண்டும். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் வெட்ட வேண்டும். சரியாகப் போகும்போது சீவல் தேங்காய்ப்பூப்போல் உதிராது, நாடாவாகத் தோளுக்கு மேலால் போகும். சத்தமும் மாறும். பிழையாகப் போனால் உளி "டக்" என்று கடித்து, கட்டை கையை விட்டுப் போகப் பார்க்கும். முதிரைத் தூள் பட்ட முன்னங்கைகள் இரண்டும் மறுநாள் சொறி பிடித்துச் சிவந்தன. முகமூடி போட்ட நான் கைச்சட்டை போட மறந்ததன் பலன்.

கடைந்துகொண்டிருந்தபோது பக்கத்து ஒழுங்கையில் இருக்கும், தச்சுவேலை செய்யும் ஓடாவியார் வந்து, ஒரு சீவலை எடுத்து முகர்ந்து பார்த்தார். இரண்டு முறை கடைய வேண்டுமா, முதலில் தடிப்பாகக் கடைந்து ஆறவிட்டுப் பிறகு முடிக்க வேண்டுமா என்று கேட்டேன். "உது எண்பது வருசம் காஞ்ச மரம் தம்பி. இனி என்ன காயப் போகுது? ஒரேயடியா முடியும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பச்சை மரம் என்றால் விட்டத்தில் பத்திலொரு பங்கு தடிப்புக்குக் கடைந்து, மாதக்கணக்கில் ஆறவிட்டு, கோணியதைச் சரிபண்ணி மறுபடி கடைவது வழக்கம். இதற்கு அது எதற்கு என்று, விளிம்பில் 6 மில்லிமீற்றர், அடியில் 12 மில்லிமீற்றர் தடிப்பில் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தேன். டிசம்பர் மாதம், வாடை மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கலியாணத்துக்கு வந்து திரும்பிய உறவினர் ஒருவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

அளந்து பார்த்தது

படம் வந்த அன்று அக்காவிடம் மூன்று காரியம் கேட்டேன். பிளக்காத இரண்டு கிண்ணங்களின் வாயை நாரின் நீளத்துக்கும், குறுக்குக்கும் அளந்து சொல்ல வேண்டும். வீட்டில் ஈரப்பதன் காட்டும் கருவி இருந்தால் எண்ணைச் சொல்ல வேண்டும். பிளந்த கிண்ணத்தின் பிளவைக் கிட்டத்தில் படமெடுக்க வேண்டும். பேத்தியின் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து அனுப்பினார். நாரின் நீளத்தில் 190 மில்லிமீற்றர், நான் அனுப்பிய அதே அளவு. குறுக்கே 187. வெப்பமூட்டியின் சுவர்ப்பெட்டியில் ஈரப்பதன் 27 சதவீதம்.

இந்த எண்களே போதுமாயிருந்தன. மரம் நாரின் நீளத்தில் சுருங்குவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. குறுக்கேதான் சுருங்கும், அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில், நெஞ்சிலிருந்து பட்டைக்குப் போகும் திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டமாகப் போன வாய் முட்டையாகிவிட்டது. அடியும் சேர்ந்து கோணியதால் கிண்ணம் மேசையில் ஆடியது.

ஆனால் காய்ந்த மரம் ஏன் மேலும் சுருங்கியது? ஒதுக்கி வைத்த நான்காவது பாதியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, தராசில் நிறுத்து, மனைவியின் கேக் சுடும் அடுப்பில் 100 பாகைக்குச் சற்று மேலே வைத்து, நிறை இனிக் குறையாது என்னும் வரைக்கும் மணிக்கொரு தரம் எடுத்து நிறுத்தேன். 57 கிராம் இருந்தது 50 கிராமில் நின்றது. 50க்கு 7 என்றால் 14 சதவீதம் நீர். எண்பது வருடம் கூரைக்குக் கீழே கிடந்த மரத்தில், அதன் உலர்நிறையில் ஏழிலொரு பங்கு நீர்! மரத்தில் குற்றமில்லை. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்து நின்றுவிடும்; அதற்குப் பிறகு எண்பது வருடம் வைத்தாலும் எண்ணூறு வருடம் வைத்தாலும் அதே அளவில்தான் நிற்கும். யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் ஈரப்பதன் 75 சதவீதமளவில் இருக்க, மரம் 14இல் நிற்கிறது. வெப்பமூட்டிய கனடா வீட்டில் 27 சதவீத ஈரப்பதனில் அதே மரம் 6க்கு இறங்கும். தீராந்தி காய்ந்துதான் இருந்தது, ஆனால் மானிப்பாய்க்குக் காய்ந்திருந்தது.

மூன்றும் கோணின, ஒன்று மட்டும் ஏன் பிளந்தது என்பதற்குக் கிட்டத்துப் படம் பதில் சொன்னது. பிளவின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு கபிலப் புள்ளி தெரிந்தது. நடுநெஞ்சு. தீராந்தியின் வெட்டுமுகத்தில் நெஞ்சு சரியாக நடுவில் இருந்ததைப் பார்த்து நடுவே பிளந்தேன். மரம் நேராக வளரவில்லை என்பதையும், நெஞ்சு நீளத்தில் அசைந்து அசைந்து போகும் என்பதையும் மறந்துவிட்டேன். ஒன்பது அங்குலத்துக்குள் அது முக்கால் அங்குலம் விலகி ஒரு பாதியின் விளிம்புக்குள் வந்திருக்கிறது. அடி தடிப்பாகவும் விளிம்பு மெல்லிசாகவும் இருந்ததும் உதவவில்லை. விளிம்பு முதலில் சுருங்கப் பார்த்தது, அடி விடவில்லை, பலவீனமான இடம் வாய்விட்டது. இவ்வளவும் என்னுடைய பிழை, மரத்தினுடையது அன்று.

பழைய குளிர்சாதனப் பெட்டி

அடுத்து செய்ய வேண்டியது, ரொறன்ரோவின் மாரியை இங்கே கோண்டாவிலில் உண்டாக்குவது. அது கேட்கிற அளவுக்குப் பெரிய வேலையன்று. இங்குள்ள காற்றை, அதற்குள் நீரைக் கூட்டாமல் 40 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதன் பாதிக்குக் கீழே விழுந்து 40 சதவீதத்துக்குள் வந்துவிடும். அந்தக் காற்றில் மரம் 7 சதவீதத்தளவில் நிற்கும். கழித்துப்போட்ட குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் உடலை எடுத்து, அடியில் இரண்டு இழை மின்குமிழ்களைப் பூட்டி, மேலும் கீழும் விரல் நுழையும் துளைகள் இட்டு, உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். கதவு இறுக்கம் போன பெட்டி என்பதால் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினேன்.

இந்த முறை மேலும் நான்கு துண்டுகள் வெட்டினேன். பிளப்பதற்கு முன் ஒவ்வொன்றின் இரு வெட்டுமுகத்திலும் நெஞ்சைத் தேடிக் குறித்து, இரண்டு குறிகளையும் இணைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் இரு பக்கமும் அரை அங்குலத்தைக் கழித்தேன். கிண்ணத்தின் ஆழம் குறைந்தது, அதற்கு வருந்தவில்லை. எட்டுப் பாதிகளையும் சுற்றிவர முக்கால் அங்குலச் சீரான தடிப்பில் கடைந்து, ஒவ்வொன்றிலும் நாளையும் நிறையையும் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

அவசரம் இங்கேயும் ஒன்றைத் தின்றது. முதல் வாரம் ஒரு குமிழோடு தொடங்கியிருக்க வேண்டும், இரண்டையும் போட்டேன். கணுவொன்று இருந்த கிண்ணம் நான்காம் நாள் அடியில் வெடித்தது. ஒரு குமிழை அணைத்து, மறுவாரம்தான் திரும்பப் போட்டேன். மற்ற ஏழும் தப்பின. அவற்றில் ஒன்றின் நிறை இப்படி இறங்கியது: வைத்த அன்று 812 கிராம், ஒரு வாரத்தில் 790, இரண்டாம் வாரம் 776, நான்காம் வாரம் 763, ஆறாம் வாரம் 760, ஏழாம் வாரமும் 760. நிறை அசையாமல் நின்ற பிறகுதான் கடைசிக் கடைசலுக்கு எடுத்தேன்.

இதற்குள் நான் எதிர்பாராத ஒன்று: பெட்டியிலிருந்து வெளியே வந்த கணத்திலிருந்து மரம் யாழ்ப்பாணத்துக் காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று என்று காலையில் எடுத்து, மத்தியானத்துக்குள் கடைந்து, அரத்தாள் போட்டு, எண்ணெய் பூசி, பொலித்தீனில் சுற்றி ஒட்டினேன். எண்ணெய் என்றது மருந்துக்கடையில் வாங்கும் பரஃபின் எண்ணெய் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. நல்லெண்ணெய் பிசுபிசுக்கும், தேங்காயெண்ணெய் காறல் மணம் எடுக்கும். எந்த எண்ணெயும் ஈரத்தை மறிக்காது, மெதுவாக்கும் அவ்வளவுதான்.

ஆணித்துளை இருந்த அந்த நான்காவது பாதியையும் பெட்டியில் காயவைத்து, கடைந்து, பொலித்தீனில் சுற்றாமல் என் வீட்டு அலுமாரியின் மேலே வைத்திருந்தேன். சோளகக் காற்று ஓய்ந்து, மழை தொடங்கி, டிசம்பர் முடியும்போது அதன் வாய் குறுக்கே 2.5 மில்லிமீற்றர் விரிந்து, கனடாக் கிண்ணங்கள் கோணியதற்கு நேர் எதிராகக் கோணியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கப்போகும் கிண்ணத்துக்கு இந்தப் பெட்டி வேண்டாம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. ஊர்க்காரருக்குச் செய்வதை நான் இப்போது கூரைக்குக் கீழே இரண்டு மாதம் ஆறவிட்டு முடிக்கிறேன். முன்னைய காலத்தில் உப்பும் ஊறுகாயும் போட்டு வைத்த மரவைகளைச் செய்தவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாரி

ஏழு கிண்ணங்களும் ஏப்ரலில் போயின. அடுத்த பெப்ரவரியில் அக்கா மறுபடி அடிமட்டத்தோடு உட்கார்ந்தார். ஆறில் குறுக்கும் நெடுக்கும் ஒரு மில்லிமீற்றருக்குள் ஒத்திருந்தன. ஒன்றில் ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம். அது விட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது. எதுவும் வெடிக்கவில்லை. முதல் தொகுதியில் கோணிய இரண்டின் அடியையும் தன் மருமகன் அரத்தாளில் தேய்த்துச் சமப்படுத்திவிட்டார், திருப்பி அனுப்பத் தேவையில்லை என்றார். பிளந்ததைத் தானே வைத்திருப்பதாகவும், அதற்குள் வீட்டுத் திறப்புகளைப் போடுவதாகவும் சொன்னார்.

போன மாதம் ஓடாவியார் வந்தார். லண்டனில் இருக்கும் மகளுக்குச் சுவாமிப் படம் வைக்கச் சின்ன அலுமாரி ஒன்று செய்கிறாராம். கதவுச் சட்டங்கள் எட்டையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்து, "எத்தினை நாள் வைக்கவேணும்?" என்று கேட்டார். நிறுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எட்டும் சேர்ந்து 3 கிலோ 420 கிராம். முதல் வாரத்தில் 95 கிராம் இறங்கியிருக்கிறது, இன்னும் நிற்கவில்லை.